வலியைச் சுடும் ஒலி!

மண்டையைத் திறக்காமல் மூளையில் சிகிச்சை

புற்று நோய் எலும்பிலும் நரம்பிலும் பரவிவிட்டால், சிலருக்கு வலி பொறுக்க முடியாததாகிவிடும். டாக்டர்கள் மார்பின் கொடுப்பார்கள். பலருக்கு அது கேட்கும். சிலருக்குக் கேட்பதில்லை. அளவைக் கூட்டினாலோ குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தூக்கம். பெற்ற மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் இரண்டு வார்த்தை பேச முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒலியால் உதவ முடியுமா? டாக்டர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். ஆம், ஒலிதான்! ஆனால் காதுக்குக் கேட்காத ஒலி. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிறார்களே, அதே இனம்.

மிளகு அளவு இடம்

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தை எரிக்காத பையன் உண்டா? வெயில் ஒரு புள்ளியில் குவிந்தால் சுடுகிறது. ஒலியும் அப்படியே.

நோயாளிக்கு மொட்டை அடித்து, தலை அசையாதபடி சட்டம் பொருத்துகிறார்கள். அதன்மேல் தொப்பி போன்ற ஒரு கருவி. அதிலிருந்து 1,024 ஒலிக்கற்றைகள் புறப்படுகின்றன. வழியில் அவை தனித்தனியே எதையும் சுடுவதில்லை. எல்லாம் கூடும் இடத்தில் மட்டும் சூடு 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. மிளகு அளவு இடம் வெந்துபோகிறது. மண்டை ஓடு சூடாகாமலிருக்க, சுற்றிலும் குளிர்ந்த நீர்.

நோயாளி விழித்தே இருக்கிறார்! முதலில் இளஞ்சூடு கொடுத்து, "கை மரக்கிறதா?" என்று கேட்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எந்திரம் சூட்டை அளந்து காட்டுகிறது. இடம் சரி என்று தெரிந்த பிறகே முழுச் சூடு.

ஏன் மூளையில்?

வலி கிளம்புவது புற்று உள்ள இடத்தில். அதை உணர்ந்து துடிப்பது மூளை. 1962-ல் அமெரிக்க டாக்டர்கள் ஃபோல்ட்ஸ், ஒயிட் இருவரும் ஒரு விந்தையை எழுதினார்கள். தீராத வலி உள்ளவர்களுக்கு மண்டையில் துளையிட்டு, மூளையில் சிங்குலம் என்னும் நரம்புப் பாதையைத் துண்டித்தார்கள். பிறகு சிலருக்கு வலி இருந்தது. ஆனால் அது அவர்களை வாட்டவில்லை!

அந்தத் துளையும் இல்லாமல் செய்ய முடிகிறது, இப்போது. ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரில் 9 பேருக்கு மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியில் ஒலியால் சுட்டார்கள். அந்த விவரம் 2009-ல் வெளியாயிற்று. அவர்களுக்கு இருந்தது நாள்பட்ட நரம்பு வலி. 2016-ல் கை நடுக்கத்துக்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்க அரசு அனுமதித்தது. புற்று நோய் வலிக்கு இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.

இதனால் புற்று கரையாது. சுட்ட இடம் மறுபடி முளைக்காது. ஆகவே இடம் தவறக்கூடாது. சிலருடைய மண்டை ஓடு ஒலியை உள்ளே விடுவதுமில்லை. அதனால் முதலில் ஓட்டைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.