ஜல்லி போகாமல் சேற்றை அள்ளுவது எப்படி?

கூடுவாஞ்சேரியின் புதிய மனைப்பிரிவுகளில் கேட்டிலிருந்து போர்டிகோ வரை சிமென்ட் பூசாமல் முக்கால் ஜல்லி பரப்பியிருக்கும் வீடுகள் உண்டு. நல்ல காரியம், மழைநீர் மண்ணில் இறங்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் தெருவிலிருந்து புகும் வண்டல் ஜல்லியை மூடிவிடுகிறது. 2015 டிசம்பரில் பக்கத்துத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அப்படிப்பட்ட மழை வேண்டாம். சாதாரண அடைமழையே போதும்.

தண்ணீர் வடிந்த கையோடு மண்வெட்டியை எடுக்காதீர்கள். ஈரச் சேற்றை வழித்தால் பாண்டில் பாதி ஜல்லிதான் விழும். மிதிக்கிற கல்லும் சேற்றுக்குள் புதையும். முழுக்கக் காயவும் விடக்கூடாது. களிமண் கல்லைக் கவ்விக்கொண்டு இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. மேல்தோல் வெடித்து, ஓரங்கள் லேசாகச் சுருண்டு நிற்கும். அப்போது மண்வெட்டியைப் படுக்கவைத்து நெம்பினால் சேறு பாளம் பாளமாக வரும், கல் கீழேயே தங்கிவிடும். கடைசி அரை அங்குலத்தை விட்டுவிடுங்கள். அதை விளக்குமாற்றால் கூட்டி, மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரால் அலசினால் போதும்.

கனடாவில் ஜல்லிப் பாதையில் பனி அள்ளும் நம்மவர்களுக்கும் இதே சிக்கல்தான். அங்கே பனிவாரியின் விளிம்பை ஓர் அங்குலம் தூக்கிப் பிடிப்பார்கள். அடியில் மிஞ்சும் பனி மிதிபட்டு இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டே இருப்பவர்கள் வாட்டத்தைப் பார்க்க வேண்டும். பத்தடி அகலப் பாதைக்கு நடுப்பகுதி இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தால் தண்ணீர் இருபுறமும் ஓடிவிடும், வண்டல் தங்காது. கொத்தனாரிடம் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜல்லியைக் களிமண் மேல் நேரடியாகக் கொட்டுவதும் தவறு. கார் சக்கரம் அழுத்த அழுத்தக் கல் கீழே போகும், களி மேலே வரும். முதலில் கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கிய பிறகே ஜல்லி.

தெருவே வீட்டைவிட உயர்ந்துவிட்டால் இதெல்லாம் பாதிப் பலன்தான். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போட வரும் அன்றே போய் நின்று அதைக் கேளுங்கள், போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அள்ளிய சேற்றை மழைநீர்க் கால்வாயில் தள்ளாதீர்கள். அடுத்த மழைக்கு அதுவே அடைப்பாகி உங்கள் வாசலுக்குத் திரும்பும். தென்னை அடியில் கொட்டலாம். தெருத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கக்கூடும் என்பதால் கீரைப் பாத்தியில் மட்டும் போட வேண்டாம்.