உலைக்கு முந்திய பிடி

மிசோராம் தலைநகர் ஐஸ்வாலில் ஒரு கிறிஸ்தவ வீட்டு அடுப்படிக்குள் போனால் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பாத்திரம் இருக்கும். சமையலுக்கு அரிசி அளந்த கையோடு, களைவதற்கு முன், ஒரு பிடியை அள்ளி அதில் போட்டுவிடுவார்கள். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. புஹ்ஃபாய் தாம் என்று அதற்குப் பெயர். சபைப் பெண்கள் வீடுவீடாக அந்த அரிசியைத் திரட்டி ஆலயத்தில் சேர்ப்பார்கள். அங்கே அது விலைபோகும். பணம் மிஷனெரி ஊழியத்துக்கும் சபையின் மற்றப் பணிகளுக்கும் போகும். 1910-இல் தொடங்கிய வழக்கம் இது. 2011 கணக்கெடுப்பின்படி மொத்தமே சுமார் 11 லட்சம் பேர் வாழும் மாநிலம். அவர்களில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அங்கே பிடிபிடியாகச் சேரும் அரிசி ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகிறது.

தொடங்கிய காலத்தைத்தான் கவனிக்க வேண்டும். மிசோ மலைகளை மூடிக்கிடக்கும் மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். காயைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் எலிக்கூட்டம் பயிருக்குள் இறங்கும். ஒரு குடும்பத்தின் வருடச் சோறு சில இரவுகளில் போய்விடும். மாவுதாம் என்று மிசோக்கள் அஞ்சும் அந்தப் பஞ்சம் 1911-இல் வந்தது. பிடி எடுத்துவைக்கத் தொடங்கிய மறு வருடம். பிறகு 1959-இல் மூங்கில் பூத்தது, 2007-இல் பூத்தது. வழக்கம் இன்றும் நடக்கிறது. மிஞ்சிக் கிடந்ததால் கொடுக்கத் தொடங்கியவர்கள் இல்லை அவர்கள்.

பிடி அரிசியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் சி.எஸ்.ஐ. சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது வீட்டுச் சமாச்சாரம். அடுப்படி ஓரத்தில் முன்பு ஒரு மண்கலயம் இருந்தது. பிறகு காலியான ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது, அதற்கும் பிறகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்து அக்கா யாராவது சாக்கோடு வருவார். வராவிட்டால் ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டியதுதான்.

எங்கள் ஆச்சி இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். மூட்டையிலிருந்து தனியாக அள்ளிப் போடக் கூடாது. உழக்கால் உலைக்கு அளந்த பிறகு, அந்த அளவிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்ததை ஈடுகட்ட மறுபடி ஒரு கை அரிசி சேர்க்கவும் கூடாது. ஒருமுறை என் அம்மா அவசரத்தில் மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டுவிட்டாள். ஆச்சி கேட்டாள்: “மூடையில இருந்து எடுத்தா மூடைதானட்டி குடுக்கு? நீ என்னத்தக் குடுத்த?” அம்மா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு டப்பாவுக்கு ரெண்டு பிடி.

அரிசி என்று சொல்கிறேனே தவிர, தேரிக்காட்டு ஊர்களில் அரிசிச்சோறு அன்றாடச் சாப்பாடாகி வெகுகாலம் ஆகவில்லை. கம்பும் சோளமும்தான் வயிற்றை நிரப்பின. பனையேறிகளின் வீட்டில் பதநீர்க் காலம் முடிந்தால் காசு நடமாட்டம் நின்றுபோகும். அப்படிப்பட்ட வீடுகளில் பிடி என்பது எது இருந்ததோ அது. கருப்பட்டி வைத்தவர்களும் உண்டு. இல்லாத நாளில் என்ன செய்தார்கள்? சில பெண்கள் அந்தக் கலயத்திலிருந்தே எடுத்துப் பொங்கிவிட்டு, கூலி வந்ததும் மறக்காமல் திருப்பிப் போட்டார்கள். கர்த்தரிடம் கைமாற்று. இதில் எந்தக் கூச்சமும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மொத்த மாதக் கணக்கும் அவர் கையில் இருக்கும்போது அரை உழக்கு அரிசிக்கா கோபித்துக்கொள்வார் என்கிற உரிமை. விசுவாசம் என்பதைப் பற்றி நான் கேட்ட நீண்ட பிரசங்கங்களைவிட இந்தக் கைமாற்றுக் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது.

சேர்ந்த அரிசியைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் இதன் வேடிக்கை தெரியும். புழுங்கல், பச்சை, ரேஷன் கடைக் குண்டரிசி, வசதியான வீட்டுப் பொன்னி, எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். வடித்தால் ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விறைத்து நிற்கும். சோற்றுக்கு ஆகாது. ஊறப்போட்டு இட்லிக்கு அரைக்கலாம், கஞ்சி வைக்கலாம், கோழி வளர்க்கிறவர் வாங்கிப் போகலாம். ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது அதைக் கடை விலைக்கு மேலே கேட்டு எடுப்பவர்கள் உண்டு. எடுத்ததை அங்கேயே திரும்ப வைத்து, “இன்னொரு தடவ விடுங்க ஐயா” என்பவர்களும் உண்டு. எந்த மணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. சாதி பார்த்துத் தெருவும் கல்லறைத் தோட்டமும் பிரித்துக்கொண்ட கிறிஸ்தவர்களைக் கண்ட நாட்டில், இந்தக் கலப்பு நடந்த ஒரே இடம் பல ஊர்களில் அந்தச் சாக்காகத்தான் இருந்திருக்கும்.

இந்த மக்களுக்கும் அரிசிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். பஞ்ச நிவாரணத்தில் மிஷனெரிகள் இறங்கி வேலை செய்தார்கள்; இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லும் அவர்களில் ஒருவர். அப்படிச் சேர்ந்தவர்களை அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று கேலி பேசினார்கள். ஊர்க்காரர்கள் மட்டுமல்ல, வெள்ளைக்காரர்களும் பேசினார்கள். அந்தக் கேலியில் உண்மையே கிடையாது என்று நான் வாதாடப் போவதில்லை. பசித்தவன் சோறு கிடைக்கிற திசையில் நடந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பஞ்சம் ஓய்ந்து கால் நூற்றாண்டில், 1903 பிப்ரவரியில், அதே திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது. வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்பது ஏற்பாடு. மறு வருடமே சாமுவேல் பாக்கியநாதன் மொழி தெரியாத நிஜாம் சீமைக்கு, தோர்ணக்கலுக்குப் போனார். 1909-இல் அசரியாவே அங்கே போய்ச் சேர்ந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் பட்டம் ஆனது; ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். இத்தனைக்கும் பின்னால் பனங்காட்டு வீடுகளின் சில்லறைக் காணிக்கைகள் இருந்தன. அரிசி வாங்கியவர்கள் என்று பெயர் எடுத்த மக்கள் இன்னொரு நாட்டுக்கு ஆள் அனுப்பிச் சோறும் போட்டார்கள்.

தோர்ணக்கலில் அசரியா செய்ததும் இதன் தொடர்ச்சிதான். அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதியைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். இவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று முகம் சுளிக்க எளிது. அசரியா கேட்டார். சமைக்கும்போது ஒரு பிடி தானியம் எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அந்தக் கூலிக்காரப் பெண்களிடமும் வேரூன்றியது. கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். ஏழையிடம் பிடுங்குவதாக இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. எப்போதும் வாங்கும் கையாகவே ஒரு சமூகத்தை வைத்திருப்பதில் கொடுப்பவருக்கு ஒரு சுகம் இருக்கிறது. அசரியா அந்தச் சுகத்தை யாருக்கும் தரவில்லை.

கிறிஸ்தவர்கள் பிடி அரிசிக்குப் பட்டா வாங்கிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதே பெயரில் ஒரு திட்டத்தை வீடுகளுக்குக் கொண்டுபோனார்: தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, அதைக் கோயிலில் நிவேதனம் செய்து ஏழைகளுக்குக் கொடுப்பது. நல்ல யோசனைக்குச் சபை எல்லை கிடையாது. கிறிஸ்தவ வீட்டில் அந்தப் பிடிக்குப் பின்னால் நிற்கும் கதை வேறு, அவ்வளவுதான்.

அந்தக் கதை சாறிபாத் ஊர் விதவையுடையது. முதலாம் இராஜாக்கள் புத்தகம், 17-ஆம் அதிகாரம். மழை பொய்த்த காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். இதைச் சுட்டுத் தின்றுவிட்டு நானும் என் மகனும் சாகப் போகிறோம் என்கிறாள். எலியா தீர்க்கதரிசி அவளிடம் கேட்பதைப் படித்தால் இன்றைக்கும் திடுக்கென்று இருக்கும். அவளும் பிள்ளையும் தின்ற பிறகு மிச்சத்தைக் கேட்கவில்லை. முதல் அடை தனக்கு என்கிறார். அவள் கொடுக்கிறாள். பானை காலியாகவில்லை என்பது பிறகு நடப்பது. கொடுக்கும்போது அவள் கண் முன்னால் இருந்தது ஒரு பிடி மாவு மட்டும்தான்.

ஆச்சியின் சட்டம் எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தபோது விளங்கியது. சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சியதைப் பிச்சைக்காரருக்குப் போடுவதும் நல்ல காரியம்தான். ஆனால் அதற்குக் கடவுளை நம்பத் தேவையில்லை. போதுமா போதாதா என்று தெரிவதற்கு முன்னாலேயே எடுத்துவைப்பதற்குத்தான் நம்பிக்கை வேண்டும். வீட்டில் ஒருவருக்கு ஒரு கவளம் குறையும். பெரும்பாலும் அது எடுத்துவைத்தவளுக்கே குறையும்.

இதே சாறிபாத் கதையை டி.வி. ஊழியக்காரர்கள் சிலர் சொல்கிற அழகு வேறு. நூறு விதைத்தால் ஆயிரமாக அறுப்பீர்கள், இதோ வங்கிக் கணக்கு எண், இதோ க்யூஆர் கோடு. கடன் தீர, விசா கிடைக்க, வரன் அமைய, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதைப்பு. பஞ்சத்தில் ஒருத்தி செய்த காரியத்தை முதலீட்டுத் திட்டமாக்கிவிட்டார்கள். பிடி அரிசி போட்ட பெண்கள் பதிலுக்கு என்ன கிடைத்தது என்று கணக்கு வைத்திருந்ததை நான் கண்டதில்லை. அவர்கள் அரிசி எங்கே போகிறது என்பதில்தான் அக்கறையாக இருந்தார்கள்: ஆந்திராவில் பள்ளிக்கூடம் கட்டியாயிற்றா, போன வருடம் வந்து சாட்சி சொன்ன மிஷனெரி தம்பிக்கு மலேரியா சரியாயிற்றா.

இன்னொரு விதவையையும் மறக்கக் கூடாது. எருசலேம் தேவாலயத்தில் இரண்டு காசு போட்டவள். ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் அவளைப் பற்றிப் பிரசங்கம் நிச்சயம். ஆனால் மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அவள் வருவதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் மார்க்கத் தலைவர்களை இயேசு கடுமையாகப் பேசுகிறார். அந்தப் பகுதியையும் சேர்த்துப் படித்த பிரசங்கத்தை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். திருமண்டலத் தேர்தல்கள் கோர்ட்டு வாசல் ஏறுகின்றன, சொத்து வழக்குகளுக்குக் காணிக்கைப் பணம் வக்கீல் ஃபீஸாகப் போகிறது. அடுப்படியில் பிடி எடுப்பவள் பெண். சாக்கைச் சுமப்பவள் பெண். செலவைத் தீர்மானிக்கும் கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பார்த்தால் கை விரல்கள் மிஞ்சும். மிசோராமிலும் இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அத்தனை கோடி ரூபாய் அரிசிக்குக் காரணமான பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க அங்கே பிரஸ்பிட்டேரியன் சபை நெடுங்காலமாக மறுத்தே வந்திருக்கிறது.

நம் பக்கம் பிடி அரிசி குறைந்துவருகிறது. சர்க்கரை வியாதி வந்து ராத்திரிச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள், ஹோட்டல் பார்சல், சென்னையிலும் துபாயிலும் பிள்ளைகள். காணிக்கை ஜிபேயில் போகிறது. தொகை பார்த்தால் முன்பைவிட அதிகம்தான், அதைக் குறை சொல்ல முடியாது.

தெரிந்த ஒரு கிராமத்துச் சபையில் போன வருடம் இது பேச்சுக்கு வந்தது. கலப்பரிசியை எடுக்க ஆள் இல்லை, வண்டு விழுகிறது, ஆகவே வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் என்று வைத்துவிடலாம் என்றார் செயலாளர். நியாயமான யோசனை. போதகரின் மனைவி ஐயரம்மாவும் சரி என்கிற முகத்தோடுதான் இருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்தார். பீடி சுற்றுகிறவர், மகன் குடித்தே செத்துப் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். “நூறு ரூவான்னு எழுதுனா, குடுக்காதவ பேருக்கு நேரா பாக்கின்னும் எழுதுவிய. பேத்தி கல்யாணத்துக்கு ஓலை எழுத வந்தா மொதல்ல பாக்கியக் கட்டுன்னு சொல்லுவிய. பிடிக்கு யாரு பாக்கி எழுதுவா?” சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் முன்னால் கட்டச் சொல்வது பல சபைகளில் நடப்பதுதான். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். செயலாளருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் சலசலப்பு. வண்டுக்கு என்ன வழி என்று யாரோ கேட்டார்கள். வேப்பிலை போடலாம் என்றார் ஒருவர். காய்ந்த மிளகாய்தான் நிற்கும் என்றார் இன்னொருவர். நூறு ரூபாய்த் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.