சாலையே சர்க்கஸ் மேடை

பைக்கில் சாகசம் காட்டுபவர்களுக்கு வேகம் மட்டும் போதாது. வேடிக்கை பார்க்க ஆளும் வேண்டும். வேண்டாத வேடிக்கையைப் பார்க்க நேர்ந்தவர்கள் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. பெங்களூரிலிருந்து விமான நிலையத்துக்கும் அதைத் தாண்டி நந்தி மலைப் பக்கமும் போகும் பெல்லாரி சாலையில் அந்த நேரத்தில் பால் வண்டிகளும், விமானத்தைப் பிடிக்க விரையும் டாக்சிகளும், சைக்கிள் பயிற்சிக்கு வந்த சிலரும்தான் இருப்பார்கள். தொலைவில் வண்டுகளின் ரீங்காரம் போல ஏதோ கேட்கும். என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பைக்குகள் உறுமியபடி கடந்து போயிருக்கும். ஒன்றின் முன்சக்கரம் தரையில் இல்லை. இன்னொன்றின் நம்பர் பிளேட் மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது வண்டியின் பின்சீட்டில் இருப்பவர் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடிக்கிறார். சாலையோரம் ஒதுங்கிய சைக்கிள்காரருக்குப் படபடப்பு அடங்கச் சில நிமிடங்கள் ஆகும்.

பெங்களூருக்கு மட்டும் உரிய காட்சி அல்ல இது. டெல்லியில் இந்தியா கேட்டைச் சுற்றிய அகலமான சாலைகள், மும்பையில் பாந்த்ரா ரெக்லமேஷனும் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையும், சென்னையில் மெரினாவும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் என்று ஊருக்கு ஊர் இடம் உண்டு. வார இறுதி இரவுகள், பண்டிகைகள், புத்தாண்டு என்று காலமும் உண்டு. முன்சக்கரத்தைத் தூக்கினால் 'வீலிங்', பின்சக்கரத்தைத் தூக்கினால் 'ஸ்டாப்பி' என்று கலைச்சொற்கள்கூட உண்டு. சில இடங்களில் பணம் கட்டிப் பந்தயமும் நடக்கிறது.

இந்த வித்தைகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அம்சம் இருக்கிறது. ஆள் இல்லாத இடத்தில் யாரும் இவற்றைச் செய்வதில்லை. கல்லூரி வாசல், மேம்பாலம், கடற்கரை என்று நாலு பேர் நிற்கும் இடமே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்த நாலு பேரில் கை தட்டுபவர்களும் இருக்கிறார்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கக் காத்திருப்பவரும் இருக்கிறார். முன்னவர்களுக்கு அது காட்சி. பின்னவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

பத்து விநாடிக் கணக்கு

சாகசக்காரர்கள் சொல்லும் வழக்கமான சமாதானம், "விழுந்தால் நான்தானே விழுவேன்" என்பது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு திசையில் மூன்று தடங்கள் கொண்ட சாலையின் அகலம் சுமார் பத்தரை மீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் முதியவர் அதைக் கடக்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அந்தப் பத்து விநாடியில் கிட்டத்தட்ட 280 மீட்டர் வந்துவிடும். அவர் காலை எடுத்து வைக்கும்போது அது ஒரு புள்ளியாகக்கூடத் தெரிந்திருக்காது. அது நேர்கோட்டில் வந்தாலாவது விலகி நிற்கலாம். வளைந்து நெளிந்து வந்தால் எந்தப் பக்கம் விலகுவது?

வீலிங் இதைவிட மோசம். முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டில்பாரைத் திருப்பிப் பயன் இல்லை. பைக்கை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதுவும் அப்போது உதவாது. தூக்கி நிற்கும் வண்டியே எதிரே உள்ள சாலையை மறைத்துவிடும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் தரையைத் தொடாத சக்கரத்துக்கு அதனால் என்ன லாபம்? ஓட்டுபவர் கையில் மிச்சம் இருப்பது ஆக்சிலேட்டரும் பின் பிரேக்கும் அதிர்ஷ்டமும்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 32,825 பேர் பாதசாரிகள். மொத்தச் சாவுகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்படுகிறது. இவற்றில் சாகசத்தால் வந்த சாவு எத்தனை என்பதற்குத் தனிக் கட்டம் இல்லை. போலீஸ் பதிவேட்டில் எல்லாமே 'அதிவேகம்' அல்லது 'அஜாக்கிரதை' என்ற தலைப்புக்குள் போய்விடுகின்றன.

ஆசை வந்த வழி

1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜின் 98 சிசிதான். ஆனால் அந்த லேசான வண்டி சிட்டாய்ப் பறந்தது. வேகம் என்பது நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் எட்டும் பொருள் ஆனது. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் பழைய ஆர்எக்ஸ் 100-ஐத் தேடிப் பிடித்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 2001-ல் வந்த பஜாஜ் பல்சர், தன்னை ஆண்மையின் அடையாளமாகவே விளம்பரம் செய்துகொண்டது. 2004-ல் இந்திப் படம் 'தூம்' வந்தது. அதில் கொள்ளைக்காரர்கள் தப்பிப்பதே சூப்பர் பைக்குகளில்தான். படம் பார்த்த பையன்களின் மனதில் நின்றது போலீஸ் அதிகாரி அல்ல, பைக்.

விளம்பரங்களிலும் படங்களிலும் பைக் பறக்கும். 'நிபுணர்களால் செய்யப்பட்டது, யாரும் முயல வேண்டாம்' என்ற பொடி எழுத்து ஓரத்தில் ஓடும். படிப்பதற்குள் மறைந்துவிடும். செல்போன் வந்தபின் அந்தப் பொடி எழுத்தும் போயிற்று. தெருமுனையில் நின்ற நாலு பேர் இப்போது நாலு லட்சம் பேராகிவிட்டார்கள். பார்ப்பவர்கள் கூடினால் பணமும் வரும் என்ற நிலையில் சாகசம் ஒரு தொழிலாகவே மாறுகிறது.

அதன் விளைவைத் தமிழகம் 2023 செப்டம்பரில் பார்த்தது. யூடியூபில் லட்சக்கணக்கான ரசிகர்களைக் கொண்ட இளைஞர் ஒருவர் காஞ்சிபுரம் அருகே சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்று விழுந்தார், பிறகு கைதானார். அவருக்கு ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், யூடியூப் சேனலை மூடிவிட்டு பைக்கை எரித்துவிட வேண்டும் என்று சாடியது. போக்குவரத்துத் துறை அவரது லைசென்ஸைப் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்தது.

சட்டத்தின் கை

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைத் தடுக்கிறது. 1988-ல் சட்டம் வந்தபோது இதற்கு அதிகபட்ச அபராதம் ரூ. 500. 2019-ல் செய்த திருத்தம் அதை ரூ. 5,000 ஆக்கி, சிறைத் தண்டனையை மூன்று மாதம் வரை உயர்த்தியது. அபாயகரமாக ஓட்டுவதற்கான 184-வது பிரிவில் முதல் தடவையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு, அல்லது ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம். இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் அபராதத்தோடு விஷயம் முடிகிறது. ஒன்றரை லட்ச ரூபாய் பைக் வாங்கித் தந்த வீட்டுக்கு அது பெரிய தொகை அல்ல.

2025 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் வீலிங் வழக்கு ஒன்றில் ஜாமீன் மறுத்தபோது இந்தப் பலவீனத்தைத்தான் சுட்டிக்காட்டியது. இப்போதுள்ள பிரிவுகள் போதாது, மாநில அரசு கடுமையான விதிகளைக் கொண்டுவர வேண்டும் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தன் பங்குக்கு ஓர் எச்சரிக்கை தந்தது: தன் அஜாக்கிரதையாலேயே இறந்த ஓட்டுநரின் குடும்பம் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நஷ்டஈடு கோர முடியாது. அது ஒரு கார் விபத்து வழக்கு. ஆனால் பைக் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டிய தீர்ப்பு.

அரசு நிர்வாகத்துக்குத் தெரிந்த இன்னொரு வழி, தடை போடுவது. 2022 ஜனவரி முதல் பெங்களூர் நைஸ் சாலையில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. மும்பையில் பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் அவற்றுக்கு எப்போதுமே இடமில்லை. தடை சாலையைக் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் இரவு ஷிப்ட் முடித்து ஒழுங்காக வீடு திரும்பும் தொழிலாளியும் சேர்ந்தே தண்டிக்கப்படுகிறார். சாகசக்காரர் அடுத்த சாலைக்குப் போய்விடுகிறார்.

கோபத்தின் விலை

பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்குப் பொறுமை போவது இயற்கை. 2024 ஆகஸ்ட் 15 அன்று பெங்களூர்-துமகூரு நெடுஞ்சாலையில் நெலமங்கலா பக்கம் அதுதான் நடந்தது. மேம்பாலத்தில் வீலிங் செய்த இளைஞர்களின் ஸ்கூட்டர்களை ஆத்திரமடைந்த பொதுமக்கள் அப்படியே தூக்கிக் கீழே வீசினார்கள். அந்த வீடியோ நாடெங்கும் பரவியது, பலரும் பாராட்டினார்கள். ஆனால் பாலத்திலிருந்து விழும் வண்டிக்குக் கீழே யார் போகிறார்கள் என்று தெரியாது. கண்மூடித்தனமான ஓட்டத்துக்குக் கண்மூடித்தனமான தண்டனை.

சீருடை போட்ட கோபம் இன்னும் ஆபத்தானது. 2013 ஜூலையில் டெல்லி வின்ட்சர் பிளேஸ் அருகே நள்ளிரவுக்குப் பின் பைக் கும்பலைக் கலைக்க முயன்ற போலீசார் துப்பாக்கியை எடுத்தார்கள். டயரைக் குறிவைத்ததாகச் சொன்னார்கள். குண்டு பட்டது பின்சீட்டில் இருந்த 19 வயது இளைஞருக்கு. அவர் உயிர் பிழைக்கவில்லை. அன்று சாகசம் யாரையும் கொல்லவில்லை. அதைத் தடுக்கப் போனதுதான் கொன்றது.

துரத்துவதும் இதே ரகம்தான். பின்னால் ஒரு வண்டி வருகிறது என்று தெரிந்ததும் முன்னால் இருப்பவர் வேகத்தைக் கூட்டுகிறார். குறுக்கே வரும் மூன்றாமவர் இருவருக்கும் பலியாகிறார்.

பார்த்தவர் செய்யக்கூடியது

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? வேண்டியதில்லை. டெல்லி போக்குவரத்துப் போலீசின் 'டிராஃபிக் பிரஹரி' செயலியில் விதிமீறலைப் படம் எடுத்து, இடமும் நேரமும் குறிப்பிட்டு யாரும் அனுப்பலாம். 2015-ல் வேறு பெயரில் தொடங்கிய திட்டம் இது. 2024 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டபோது மாதத்துக்கு ரூ. 50,000 வரை பரிசும் அறிவிக்கப்பட்டது. பெங்களூரிலும் இத்தகைய வசதி 2015-லேயே வந்துவிட்டது. எதுவும் இல்லாத ஊரில் 112 என்ற எண் இருக்கிறது. வண்டி எண், நிறம், எந்தத் திசையில் போனார்கள் என்ற மூன்று விவரம் போதும். ஒரே சாலையில் ஒரே நேரத்தில் வாராவாரம் நடக்கும் கூத்து என்றால், அடுத்த வாரம் அங்கே தடுப்பு வைக்கப் போலீசுக்குத் துரத்தல் தேவைப்படாது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த புகார் போதும். படம் எடுப்பவர் தானும் வண்டி ஓட்டிக்கொண்டே எடுத்தால் அதுவே இன்னொரு குற்றம்.

விபத்து நடந்துவிட்டால்? சாட்சி என்று கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயத்தில் விலகிப் போனவர்கள் ஏராளம். 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு அந்தப் பயத்துக்கு முடிவு கட்டியிருக்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரைத் தன் பெயரைச் சொல்லும்படி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரி அவரை நிறுத்தி வைக்கவோ பணம் கேட்கவோ முடியாது. 'ராஹ்-வீர்' திட்டத்தில் இப்போது அவருக்கு ரூ. 25,000 வெகுமதியும் உண்டு. விழுந்து கிடப்பவர் கொஞ்ச நேரம் முன்பு நம்மைப் பயமுறுத்திய சாகசக்காரராகவே இருந்தாலும் இது பொருந்தும்.

வேகத்தில் உண்மையிலேயே ஆசை உள்ளவர்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையிலும், டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. அங்கே ஹெல்மெட், தோல் உடை, ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டாயம். குறுக்கே வரும் பாட்டி கிடையாது. ஆனால் நூறு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள நாட்டில் இப்படிப்பட்ட பாதைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்டுக்குக் கோடிக்கு மேல் இருசக்கர வாகனங்கள் விற்கும் தொழில், நகரத்துக்கு ஒரு பயிற்சி மைதானமாவது கட்டித் தரலாம்.

அதற்கும் முன்பு கவனிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். பதினெட்டு நிரம்பாத பையன் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, ரூ. 25,000 அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. விஷயம் தெரியாது என்று பெற்றோர் சொல்வதை நம்புவது சில சமயம் கஷ்டம். சைலன்சர் மாற்றப்பட்டால் தெருவுக்கே கேட்கிறது. கண்ணாடி கழற்றப்பட்டிருப்பதும் நம்பர் பிளேட் மடிந்திருப்பதும் நெடுஞ்சாலைக் கேமராவின் கண்ணில் படுவதற்குப் பல நாள் முன்பே வீட்டு வாசலில் தெரிந்துவிடும். சாவியை எடுத்துக் கொடுத்தவர்தான் முதல் சாட்சி.