செக் இன்ஜின் லைட் எரியுதா? உடனே சென்சாரை மாத்தாதீங்க!

ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைக்கு மலையேறும்போது கார் திணறுகிறது, டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் படம் எரிகிறது என்றால் யாருக்கும் வயிற்றில் புளி கரைக்கும். ஸ்கேனரை மாட்டிய மெக்கானிக் ‘ஆக்ஸிஜன் சென்சார் கோடு காட்டுது’ என்றதும், ‘எவ்வளவு ஆகும்?’ என்றுதான் கேட்கத் தோன்றும். ‘கெட்டது சென்சார்தானா?’ என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்பார்க் பிளக் அளவே இருக்கும் இந்த சென்சார், புகைக்குழாயில் மாட்டப்பட்டிருக்கும். புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பெட்ரோலைக் கூட்டுவதா, குறைப்பதா என்று கம்ப்யூட்டர் அதை வைத்தே முடிவு செய்யும். பாஷ் நிறுவனம் தயாரித்த இது, 1976-ல் வால்வோ கார்களில் அறிமுகமானது. நம் ஊரில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபிறகு பைக்குகளுக்கும் வந்துவிட்டது.

சென்சார் கெட்டால் மைலேஜ் குறையும். பெட்ரோல் வாடை வரும். கார் நிற்கும்போது இன்ஜின் குலுங்கும். ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே தொல்லைகள்தான். அதனால் கோடு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பி0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்இணைப்பில் கோளாறு. ஃபியூஸ் போயிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். பி0171 என்றால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று பொருள். அங்கே சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. தபால்காரரைக் கோபித்து என்ன பயன்? சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து அதை ஏமாற்றிவிடும்.

ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்த்தால் ஓரளவு தெளிவாகிவிடும். இன்ஜின் சூடானபின், வழக்கமான வகை முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விறுவிறுவென ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ, மந்தமாக அசைந்தாலோ சந்தேகப்படலாம். சில புதிய கார்களில் உள்ள வைடுபேண்டு சென்சாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சென்சார்தான் கெட்டது என்று உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம். பெட்ரோல் அதிகமாகப் போய்க்கொண்டே இருந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகிப் பாழாகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த பொருள் அது. விலை சென்சாரைப்போல பல மடங்கு!

மாற்றும்போது காரின் மாடலுக்கு உரிய பார்ட் நம்பரையே கேளுங்கள். ஒயரை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். பல சென்சார்கள் ஒயர் வழியாகவே வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன. இன்ஜின் இளஞ்சூடாக இருந்தால் மரை எளிதில் கழலும், கையுறை அவசியம். புதிய சென்சாரின் முனையில் கிரீஸ் படக்கூடாது.

கழற்றிய சென்சாரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். முனையில் கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. வெள்ளைப் படிவு என்றால் கூலன்ட் கசிவோ, சிலிக்கான் பேஸ்ட்டோ காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் விட்டால், புதிதாக மாட்டிய சென்சாரும் சீக்கிரமே போய்விடும்.