முகட்டில் ஏன் மரமில்லை?

சென்னையை அடுத்த பட்டாபிராமில் நிற்காமல் இரவில் கடந்து போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வரை செல்லும். அங்கிருந்து மலையேறி, ஊட்டியைத் தாண்டிக் கூடலூர் சாலையில் போனால் சினிமாப் பாட்டுகளில் பார்த்த பச்சை மேடுகள் வரும். வென்லாக் டவுன்ஸ் என்று பெயர். கண்ணுக்கு எட்டியவரை புல்தான். ஒரு காலத்தில் இருந்த காட்டை யாரோ வெட்டியிருக்க வேண்டும் என்று தோன்றும்.

மண் வேறு கதை சொல்கிறது. நீலகிரிச் சதுப்புகளில் மக்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் கார்பன்-13 என்ற கனமான கார்பனை எடுத்துக்கொள்பவை. அந்த விகிதத்தை ஆழம்தோறும் அளந்து, ஆய்வாளர் சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, வறண்ட பனியுகத்தில், இங்கே புல் ஓங்கியிருந்தது. உழவும் கோடரியும் அப்போது ஏது?

இன்றும் புல்லைக் காப்பதில் உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அந்தக் குளிரில், சோலை எனப்படும் மலைக்காட்டின் மரக்கன்று கருகிவிடும். புல்லின் குருத்தோ மண்ணை ஒட்டி இருப்பதால், நுனி கருகினாலும் மறுபடி துளிர்க்கும். மலை மடிப்புகளில் மட்டும் சோலையின் மரக்கூரை தன் கன்றுகளுக்குக் கதகதப்பைக் காத்துக் கொடுக்கிறது.

இந்தப் பீடபூமியில் இருவகை மேய்ச்சல் உண்டு. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளைச் சுற்றி அவர்களுடைய எருமைகள் மேய்கின்றன. மேற்கு விளிம்பில், 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவில், வரையாடுகள் மேய்கின்றன. எல்லைக்கோடு மனிதர் வரைந்தது. இரண்டுக்கும் இரை புல்தான்.

அந்தப் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதியது ஆங்கிலேய நிர்வாகம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியச் சீகை மரம் நடப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. சோலைக் கன்று தாங்காத உறைபனியைச் சீகை தாங்கியது. அதன் விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைப்பவை. பூங்கா எல்லை அவற்றுக்குத் தடையில்லை. ஊரில் மரம் நடுவது புண்ணியம். இந்த முகட்டிலோ, முளைக்கும் சீகையைப் பிடுங்குவதே எருமைக்கும் வரையாட்டுக்கும் செய்யும் உதவி.