மலைக்காட்டு லில்லிகள் - 6: அரிவாளை நம்பிய பூ

சென்ற வாரம் பார்த்த இமயமலை ராட்சத லில்லி ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்து, ஒரே முறை பூத்து, அதோடு மடிந்துவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானின் கட்டகுரிக்கு அந்தப் பகட்டெல்லாம் கிடையாது. ஒரு சாண் உயரம், ஒரு தண்டு, ஒரு பூ. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஆறு இதழ்களும் நம் செங்காந்தள் போலப் பின்னுக்கு மடங்கியிருக்க, பூ தலை கவிழ்ந்து தொங்கும். (காந்தளையும் பழைய தாவர நூல்கள் லில்லிக் குடும்பத்தில்தான் சேர்த்திருந்தன, பின்னர்தான் தனிக்குடித்தனம் வைத்தார்கள்.) மழை நாளிலும் இரவிலும் இதழ்கள் மூடிக்கொள்ளும். வெயில் ஏறினால்தான் மறுபடி விரியும்.

பீச், ஓக் போன்ற இலையுதிர் மரங்களின் அடியில் வாழும் செடி இது. குளிர்காலத்தில் அந்த மரங்கள் மொட்டையாக நிற்கும். பனி உருகியதும் கட்டகுரி தலைநீட்டிவிடுகிறது. மரங்கள் துளிர்த்து நிழல் கட்டுவதற்குள் பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கான உணவையும் கிழங்கில் சேர்த்து முடித்தாக வேண்டும். மண்ணுக்கு மேலே அதன் வாழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 மாதம். ஜூன் கடைசியில் போய்த் தேடினால் அங்கே இப்படியொரு செடி இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

இத்தனை சொற்ப வெயிலில் காலம் தள்ளுவதால் வளர்ச்சியும் நத்தை வேகம்தான். விதை முளைத்த முதல் ஆண்டில் நூல் மாதிரி ஒரு இலை. அதன்பின் ஆண்டுதோறும் ஒற்றை இலையே வரும், சற்றுப் பெரிதாக. இரண்டாவது இலை எட்டிப்பார்த்தால்தான் பூ. அதற்கு 7, 8 ஆண்டுகள் ஆகும். பரவுவதும் மெதுவாகவே. விதையோடு ஒட்டியிருக்கும் கொழுப்புச் சத்துள்ள துணுக்குக்காக எறும்புகள் அதைப் புற்றுக்கு இழுத்துப் போகின்றன. எறும்பு எவ்வளவு தூரம் போய்விடும்? ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து சட்டென்று வந்து நிரப்ப இந்தச் செடியால் முடியாது.

கிழங்கிலிருந்து எடுத்த வெள்ளை மாவுக்கு ஒரு காலத்தில் நல்ல மதிப்பு இருந்தது. நாரா பக்கத்து உடாவில் மொரினோ தோசுகே என்பவர், ஷோகுன் ஆட்சியின் மூலிகை அதிகாரிக்குத் துணையாக 1729-இல் மலை மலையாக அலைந்தவர். அவர் குடும்பம் கட்டகுரி மாவு தயாரித்து அரசுக்கு அளித்துவந்தது. அவர் தொடங்கிய மூலிகைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வசந்தத்தில் அங்கே கட்டகுரி பூக்கிறது. ஆழத்தில் கிடக்கும் சிறு கிழங்கைத் தோண்டி மாவெடுப்பது சாமானிய வேலையல்ல. மெய்ஜி காலத்தில் ஹொக்கைடோவில் உருளைக்கிழங்கு பயிராகத் தொடங்கியதும் அந்த மாவு இதன் இடத்தைப் பிடித்தது. கோழி வறுக்கப் புரட்டுகிற மாவுப் பொட்டலத்தில் பெயர் மட்டும் இன்றும் கட்டகுரிகோ.

தோண்டுவது நின்றதால் செடி பிழைத்ததா என்றால், பல இடங்களில் இல்லை. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம்தான். ஊரையொட்டிய அடிவாரக் காடுகளில் கிராமத்தார் விறகுக்கும் கரிக்கும் மரங்களை முறைவைத்து வெட்டுவார்கள். வெட்டிய அடியிலிருந்து மறுபடி தழைக்கும். உரத்துக்குச் சருகு வாருவார்கள். சாசா என்னும் குட்டை மூங்கிலை அறுத்துத் தள்ளுவார்கள். 1950-களிலும் 60-களிலும் மண்ணெண்ணெயும் காஸும் ரசாயன உரமும் வந்தன. காட்டுக்குள் போக யாருக்கும் வேலையில்லை. சாசா மண்டியது; பசுமை மாறா மரங்கள் நுழைந்தன; வசந்த வெயில் தரைக்கு இறங்கவில்லை. உயரத்துப் பீச் காடுகளில் மனிதர் தயவின்றியே கட்டகுரி வாழ்கிறது என்பது உண்மை. அடிவாரத்தில் அப்படி இல்லை. மனிதர் ஒதுங்கிக்கொண்டால் காடு தானே செழிக்கும் என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சு இங்கே எடுபடாது.

வடக்கே அகிதா மாநிலத்தின் செம்போகுவில் இதற்கு நேர்மாறான காட்சி. அங்கே பெரிய பெரிய கொட்டைகளுக்குப் பேர்போன செஸ்நட் தோப்புகள் உண்டு. கொட்டை பொறுக்க வசதியாகத் தோப்புக்காரர்கள் புல்லை ஒட்ட அறுத்துவைப்பார்கள். பூவுக்காக யாரும் செய்த வேலையல்ல. ஆனாலும் சுமார் 20 ஹெக்டேரில் கட்டகுரி பரவிவிட்டது. வசந்தத்தில் அதைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வருகிறது.

வேறு பல ஊர்களில் இன்று தன்னார்வலர்கள் சாசாவை அறுக்கிறார்கள். இலை காய்ந்து விதை உதிர்ந்த பிறகே அரிவாளை எடுக்க வேண்டும். முந்தினால் கிழங்குக்குச் சேர வேண்டிய உணவு போச்சு. கீரையாகப் பறித்தாலும் அதே நஷ்டம்தான். பனிப்பகுதிக் கிராமங்களில் இதன் இலையை வேகவைத்து உண்பதுண்டு. கொஞ்சமாகத் தின்றால் இனிப்பு. ஆசைப்பட்டு அள்ளித் தின்றால் வயிறு கழியும்.

அடுத்த வாரம் மணிப்பூரின் சிரூய் மலைக்குப் போவோம்.

(தொடரும்)