பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு
(வானொலி மறையுரை)



வேலை முடிந்து களைப்போடு வீடு திரும்புகிறோம். வீட்டில் ஒருவர் ஏதோ கேட்கிறார். மறுநொடியே சுடுசொல் வந்துவிடுகிறது. நம் கோபம் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். சொன்ன சொல்லோ கேட்டவர் நெஞ்சில் வருடக்கணக்கில் ஆறாது.

யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை நடுவில் நிறுத்தி, பரிசேயர் இயேசுவை விடாமல் கேட்கிறார்கள். அவரோ குனிந்து தரையில் விரலால் எழுதுகிறார். பிறகுதான் நிமிர்ந்து பேசுகிறார். அந்த அமைதிக்குப் பின் வந்த ஒரே வாக்கியம் ஓர் உயிரைக் காப்பாற்றியது.

இன்று 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று சொல்லப்படும் விழிப்புணர்வுப் பயிற்சி நாடுவதும் இப்படியோர் இடைவெளியைத்தான். மனத்தில் எழுவதை உடனே செயலாக்காமல், முதலில் கவனிப்பது. அதற்கு முதற்படி மூச்சு. நம் ஊர் ஜிப்மரில் நலமான 60 மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. மூன்று மாதம் மெதுவாக மூச்சுவிடப் பழகியவர்களுக்கு, உடலைப் பரபரப்பாக்கும் நரம்புகளின் வேகம் தணிந்தது; அமைதிப்படுத்தும் நரம்புகளின் செயல் கூடியது. வேகமாக மூச்சுவிடப் பழகியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கோபமே வராது என்பதல்ல இதன் பொருள். வந்த கோபத்தை அடையாளம் காண, உடல் நமக்குச் சற்று அவகாசம் தருகிறது.

"சாமி, இது நமக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்பதுண்டு. கிறிஸ்தவத் தியானம் பற்றி 1989-இல் உரோமையிலிருந்து வந்த மடல், பிற சமய முறைகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கவில்லை. ஆனால் உடற்பயிற்சியால் வரும் இதத்தைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று எண்ணி ஏமாற வேண்டாம் என எச்சரித்தது. உண்மைதான். அமைதியாக உட்கார்ந்தபடியே பகையைப் பொத்திவைக்கவும் நம்மால் முடியும். மூச்சு அவகாசம் தரும். மன்னிக்கும் மனத்தை இறையருள்தான் தரும்.

புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இன்று மாலைச் செபத்துக்கு முன் ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சுவிட்டு அமருங்கள். இன்று எங்கே சினந்தேன்? அந்தச் சினத்துக்கு அடியில் இருந்தது களைப்பா, பயமா, அவமானமா? அதைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். பிறகு எழுந்துபோய், நீங்கள் புண்படுத்தியவரிடம் பேசுங்கள். சினத்தோடு பொழுது சாய விடக்கூடாது என்பது பவுலடியார் எபேசியருக்குத் தந்த அறிவுரை.

அந்த ஒரு மூச்சில் ஆண்டவர் நம்மோடு இருப்பாராக. ஆமென்.